தேடும்போதே இயங்கிவிடாத பொத்தான் வேண்டும்

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகளுக்கும், வீட்டு மின்சாதனங்களைத் தயாரித்து இந்தியாவில் விற்கும் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பார்வையற்றவர்கள் தனியே நின்று சமைப்பதற்கு இண்டக்‌ஷன் அடுப்பைப் போல் ஏற்ற சாதனம் வேறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தீ இல்லை, சேலைத் தலைப்பு பற்றிக்கொள்ளுமோ என்ற பயம் இல்லை, காஸ் கசிகிறதா என்று மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, பாத்திரத்தை எடுத்துவிட்டால் சூடேற்றுவதைத் தானாகவே நிறுத்திக்கொள்ளும். இவ்வளவு பொருத்தமான ஒரு சாதனத்தின் முகப்பில் வழவழப்பான கண்ணாடி ஒன்றைப் பதித்து, அதை எங்களுக்கு ஆகாத பொருளாக மாற்றிவிட்டீர்கள். அது எப்படி நேர்ந்தது என்பதை எடுத்துச் சொல்லவும், அதைத் திருத்தும்படி கேட்டுக்கொள்ளவும்தான் இந்த மடல்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவள். தனியாகக் குடியிருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், எனக்கான சமையலை நானே செய்துகொள்கிறேன். பல ஆண்டுகள் உழைத்த என் பழைய அடுப்பில், அழுத்தினால் ‘டிக்’ என்று உள்ளே போய் வரும் பொத்தான்கள் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்பது விரலுக்கு மனப்பாடம். அண்மையில் அது பழுதாகி, அதற்குரிய போர்டு இனிக் கிடைக்காது என்று மெக்கானிக்கும் கைவிரித்துவிட்டதால், புதிய அடுப்பு வாங்கக் கடைக்குப் போனேன். “இப்ப எல்லாமே டச்தான் மேடம், துடைக்கிறதுக்கு ஈஸி” என்றார் விற்பனையாளர். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை, உள்ளதைத்தான் சொன்னார். விலை குறைந்த ஓரிரு மாடல்களில் பொத்தான் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவையும் ஒரே பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் புதைந்திருந்தன. எந்த இடத்தில் அழுத்துவது என்று கை கண்டுகொள்ள ஒரு மேடோ பள்ளமோ இல்லை. இருப்பதில் நல்லது என்று அவர் எடுத்துக் கொடுத்த அடுப்பை வாங்கி வந்தேன்.

அதன் மேற்பரப்பு முழுவதும் ஒரே கண்ணாடி. பாத்திரம் வைக்கும் இடம் எங்கே முடிகிறது, பொத்தான்கள் இருக்கும் இடம் எங்கே தொடங்குகிறது என்பதைக்கூட விரலால் அறிய முடியாது. எதைத் தொட்டாலும் ஒரு ‘பீப்’. சூட்டைக் கூட்டினாலும் அதே பீப், குறைத்தாலும் அதே பீப். பால் காய்ச்சும் நிலையிலிருந்து எண்ணெயில் பொரிக்கும் நிலைக்குத் தாவினாலும் அதே பீப். சூடு உச்ச அளவை எட்டிய பிறகும் பீப் நிற்காமல் ஒலிப்பதால், எத்தனை முறை தொட்டோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளவும் வழியில்லை. பாத்திரம் சரியாக அமராவிட்டாலோ மின்னழுத்தம் குறைந்தாலோ, ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் ஒளிருமாம். என்ன எண் என்று படித்துச் சொல்ல வீட்டில் கண்ணுள்ளவர் ஒருவர் இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போய் வந்தால் அடுப்பு சத்தமே இல்லாமல் அணைந்து கிடக்கும். குக்கரை வைத்துவிட்டு விசிலுக்காகக் காத்திருந்து, அரிசி பச்சைத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்ததைப் பிறகு கண்டுபிடித்த நாள் உண்டு.

எங்களிடம் இதற்கெல்லாம் கைவைத்தியம் ஒன்று உண்டு: ஸ்டிக்கர் பொட்டு. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பொத்தானின் மேலும் ஒரு பொட்டு ஒட்டிக்கொள்வோம். அழுத்தும் பொத்தான்களுக்கு அது போதும். இந்தக் கண்ணாடி அழுத்தத்தைப் பார்ப்பதில்லை; விரல் நெருங்கும்போது அங்கே உண்டாகும் சிறு மின்மாற்றத்தைப் பார்க்கிறது. ஆகவே பொட்டைத் தேடிப் போகும் விரல் வழியில் எதைத் தடவினாலும் அது இயங்கிவிடுகிறது. நீங்கள் கண்ணால் தேடி விரலால் இயக்குகிறீர்கள். எங்களுக்குத் தேடவும் விரல்தான், இயக்கவும் விரல்தான். அந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத்தான் இந்தக் கண்ணாடி பறித்துக்கொண்டது. கடைசியில், பொட்டுகளைப் பொத்தான்மேல் ஒட்டாமல் கண்ணாடியின் விளிம்பில் வரிசையாக ஒட்டி, அங்கிருந்து விரலைத் தூக்கி நேர்கோட்டில் இறக்கப் பழகிக்கொண்டேன். ரசம் பொங்கி வழிந்த அன்று, கண்ணாடியில் பட்ட ஈரத்தையும் ஒரு விரலாகக் கருதிக்கொண்டு அடுப்பு ஓயாமல் பீப் அடித்து அணைந்தது. துடைத்த துணியோடு பொட்டுகளும் போயின. துடைப்பதற்கு எளிது என்று விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை.

இவற்றையெல்லாம் விளக்கி, அந்த அடுப்பைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் பண்பாகவே வந்தது. தங்களது உயர்ரக சாதனங்கள் வைஃபை வசதி கொண்டவை என்றும், அவற்றைச் செல்பேசிச் செயலி மூலம் இயக்கலாம் என்றும், எனக்கு அது வசதியாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். அதாவது, கண்ணுள்ளவர் ஓர் அடுப்பு வாங்கினால் போதும். நான் கூடுதல் விலைக்கு ஓர் அடுப்பும், ஒரு திறன்பேசியும், அறுந்துபோகாத இணைய இணைப்பும் வைத்திருந்தால்தான் வெந்நீர் போட்டுக்கொள்ளலாம். சரி, அந்தச் செயலியையாவது பார்ப்போம் என்று இறக்கிக்கொண்டேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என் செல்பேசியின் திரைவாசிப்பானான டாக்பேக், அதன் முதல் திரையிலேயே “பட்டன்… பட்டன்… பட்டன்” என்று படித்துக்கொண்டு போனது. எந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை. என் தோழி ஒருவரின் வாஷிங் மெஷின் செயலி சில காலம் ஒழுங்காகவே பேசிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு புதிய பதிப்பு வந்து அதன் முகத்தை அழகுபடுத்தியது; அன்றோடு பெயர்கள் மறைந்தன. பதிப்புக் குறிப்பில் ‘சில பிழைகள் நீக்கப்பட்டுள்ளன’ என்று இருந்ததாம். நீக்கப்பட்டது நாங்கள்தான்.

அந்த வாஷிங் மெஷினில் ஒரு திருகும் இருக்கிறது. பழைய இயந்திரங்களில் திருகு ஓர் இடத்தில் முட்டி நிற்கும்; அங்கிருந்து டக், டக் என்று எண்ணிக்கொண்டே திருப்பினால் வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். புதியதில் அது முடிவில்லாமல் சுற்றுகிறது. எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஒரு சிறு விளக்கு மட்டும்தான் அறியும்.

தொடுதிரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் கையிலிருக்கும் செல்பேசியும் முழுக்கக் கண்ணாடிதான். அதை நான் நாள் முழுவதும் பயன்படுத்துகிறேன். 2009-ல் வந்த ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் வந்தபோதே இந்தச் சிக்கலுக்கு விடை கிடைத்துவிட்டது: விரலை நகர்த்தினால் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும், இருமுறை தட்டினால்தான் இயக்கும். 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.0-விலும் அதுபோன்ற வசதி சேர்ந்தது. தேடுவதையும் இயக்குவதையும் பிரித்துவைத்தார்கள், அவ்வளவுதான். அடுப்புக்கு அந்த அளவு மூளைகூடத் தேவையில்லை. பொத்தான் உள்ள செல்பேசிகளிலும் ஏ.டி.எம்.களிலும் 5 என்ற எண்ணின் மேல் ஒரு சிறு புள்ளி புடைத்திருக்கிறது. கணினி விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளின் மேல் சிறு கோடு இருக்கிறது. அவற்றால் எந்தச் சாதனத்தின் அழகும் கெட்டதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

அமைவனத்தின் அதிகாரிகளுக்கு நான் நினைவூட்ட வேண்டியது, நீங்களே எழுதி வைத்திருக்கும் ஒன்றைத்தான். ஐரோப்பியத் தரமான ஈஎன் 301 549-ஐ அடியொற்றி 2021-லும் 2022-லும் இரு பகுதிகளாக நீங்கள் வெளியிட்ட ஐஎஸ் 17802, தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டிய முறையை வகுக்கிறது. இயக்கும் பாகம் ஒவ்வொன்றையும் பார்வையின் துணையின்றி, அதை இயக்கிவிடாமலேயே கண்டறிய வழி இருக்க வேண்டும் என்று அந்த ஐரோப்பியத் தரம் தெளிவாகச் சொல்கிறது. என் அடுப்பைப் பற்றி நான் இத்தனை பத்திகளில் புலம்பியதை அது ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. ஆனால் அந்த விதி கணினிக்கும் செல்பேசிக்கும் பொருந்துமாம். கொதிக்கும் எண்ணெயைத் தாங்கி நிற்கும் அடுப்புக்குப் பொருந்தாதாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 43-ஆம் பிரிவு, அனைவருக்குமான வடிவமைப்புக் கொண்ட நுகர்பொருள்களின் உருவாக்கத்தையும் தயாரிப்பையும் விநியோகத்தையும் ஊக்குவிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அதற்குப் பின் கடைகளுக்கு வந்த அடுப்புகளைத் தடவிப் பார்த்தால், அவற்றை வடிவமைத்தவர்களின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

இது எங்கள் ஒரு கூட்டத்தின் தனிக்குறை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளோர் சுமார் 50 லட்சம் பேர். கண்புரையோடும் சர்க்கரை நோயோடும் வாழும் முதியோர் பலர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. நன்றாகக் கண் தெரிந்தவர்களே கண்ணாடிப் பரப்பிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். 2017-ல் சிங்கப்பூர் அருகே எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகளைப் பறிகொடுத்த அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்னின் விபத்து விசாரணையில், தொடுதிரையில் அமைந்த கட்டுப்பாடுகள் ஏற்படுத்திய குழப்பமும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. கைப்பிடிகளுக்கே திரும்பப்போவதாக 2019-ல் அந்நாட்டுக் கடற்படை அறிவித்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது கைப்பிடி இருந்தால்தான் 2026 முதல் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. கடற்படைக்கும் கார்க்காரருக்கும் கிடைத்த நியாயம் சமையலறைக்கு வந்து சேர இன்னும் எவ்வளவு காலம் ஆகுமோ.

அடுப்பிலிருந்து சற்று விலகி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூலை முதல் புதிதாக வைக்கப்படும் ஏ.டி.எம்.கள் எல்லாம் பேச வேண்டும், அவற்றில் பிரெய்ல் பொத்தான்கள் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. நல்லது. அந்தப் பணத்தைக் கடையில் கார்டாக நீட்டினால், இப்போது கைக்கு வருவது பொத்தான்கள் உள்ள பழைய கருவி அல்ல. செல்பேசியைப் போன்ற கண்ணாடிக் கருவி. அதில் ரகசிய எண்ணை அழுத்த முடியாமல், வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி கல்லாவில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு திரும்புவதற்குள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது: ரகசிய எண்ணை யாரிடமும் பகிராதீர்கள். பகிராமல் இருக்க எனக்கும் ஆசைதான். கட்டணக் கருவிகளும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த சட்டம் 2025 ஜூன் 28 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அந்த நாடுகளுக்கு ஒரு வடிவமைப்பு, எங்களுக்கு வேறொரு வடிவமைப்பு என்று தயாரிப்பாளர்கள் முடிவெடுத்திருந்தால், அதைப் பெட்டியின் மேல் அச்சிட்டுவிடலாம். நேர்மையாகவாவது இருக்கும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. நான் கேட்பது பெரிய புதுமை எதுவும் இல்லை. இந்தியாவில் விற்கப்படும் அடுப்பு, சலவை இயந்திரம், மைக்ரோவேவ், குளிர்சாதனம் ஆகியவற்றின் இயக்கும் பொத்தான் ஒவ்வொன்றும் கைக்குத் தெரிய வேண்டும். கை பட்டதாலேயே இயங்கிவிடக் கூடாது. கூட்டுவதற்கு ஓர் ஒலி, குறைப்பதற்கு வேறோர் ஒலி, எல்லையைத் தொட்டால் மூன்றாவதாக ஓர் ஒலி இருக்க வேண்டும். செயலியால் இயங்கும் சாதனமானாலும் அடிப்படை வேலைகளுக்குச் சாதனத்திலேயே பொத்தான் இருக்க வேண்டும். செயலியின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் வெளியாவதற்கு முன் திரைவாசிப்பானோடு சோதிக்கப்பட வேண்டும்.

தேய்ப்புப் பெட்டிக்கும் வெந்நீர்க் கம்பிக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது போல, ஏ.சி. எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை நட்சத்திரங்களால் பெட்டியின் மேலேயே சொல்ல வைத்தது போல, இதையும் கட்டாயமாக்க அரசால் முடியும். அதுவரை, கையால் இயக்கத்தக்க மாடல் எது என்று காட்டும் ஒரு குறியையாவது பெட்டியின் மேல், தடவினால் தெரியும்படி, பதிக்கச் சொல்லுங்கள். கடைக்காரரின் தயவை நாடாமல் நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வோம். தயாரிப்பாளர்கள் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. அடுத்த மாடலுக்கு அச்சு வார்க்கும்போது நாலு மேடுகளைச் சேர்த்து வார்த்தால் போதும்.

வரைவுத் தரங்களைப் பொதுமக்களின் கருத்துக்கு விடும் வழக்கம் அமைவனத்தில் இருக்கிறது. இது குறித்து வரைவு ஒன்று தயாரானால், அதை ஸ்கேன் செய்த படமாக இல்லாமல், திரைவாசிப்பான் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாக, முடிந்தால் தமிழிலும் வெளியிடும்படி பணிவோடு வேண்டுகிறேன். உரிய காலத்துக்குள் படித்துக் கருத்து அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
விலை கொடுத்து வாங்கிய அடுப்பை இயக்கக் காத்திருக்கும் நுகர்வோர் ஒருவர்