ஆபீஸ் தொடங்கப் போகும் மகளுக்கு

நாகர்கோவில்

அன்பு மக்களே,

புனேயில் சொந்தமாக ஆபீஸ் போடப் போகிறாய், வசதியில்லாதவர்களுக்கும் வீடு வரைந்து கொடுக்கப் போகிறாய் என்று அம்மை சொன்னாள். ரொம்ப சந்தோஷம். காலமெல்லாம் கரணை பிடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

ஏழை என்பதற்காக யாருக்கும் சும்மா வரைந்து கொடுக்காதே. கொஞ்சமானாலும் ஃபீஸ் வாங்கு. சும்மா கிடைத்ததைக் குறை சொல்ல நம் சனங்களுக்கு நா எழாது. அடுக்களை இருட்டாக இருந்தாலும் ‘நல்லா இருக்கு மேடம்’ என்பார்கள். நீ போன பிறகு வெளியே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். காசு கொடுத்தவர்தான் ‘ஜன்னல் இங்கே வேண்டாம்’ என்பார். அந்தப் பேச்சு உன் காதில் விழ வேண்டும், அதுவும் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தபோது, குறைந்த செலவில் வீடு கட்டுவதில் பேர்பெற்ற கட்டடக்கலைஞர் லாரி பேக்கரிடம் இருந்த கொத்தனார் ஒருவர்தான் எனக்கு எலிப்பொறிக் கட்டு சொல்லித் தந்தார். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவே பொந்து விட்டு, குறுக்கே ஒரு கல் கொடுத்துக் கட்டுவது. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். செங்கல் கால்வாசி மிச்சம், சாந்தும் குறையும். பொந்தில் காற்று நிற்பதால் சூடு உள்ளே அவ்வளவாக இறங்காது. ஆனால் கை பழக வேண்டும். கல்லின் ஓரம் உடையக் கூடாது, சாந்து பொந்துக்குள் விழக் கூடாது. அவசரக்காரனுக்கு இது வராது. அதனால் கூலி கொஞ்சம் கூடும். கூடட்டும்! சூளைக்கும் சிமெண்ட் கம்பெனிக்கும் போகிற காசு வேலை தெரிந்த ஆள் கைக்கு வருகிறது.

அதே ஊரில் பூந்துறை மீனவர்களுக்கு வீடு கட்டியபோது பேக்கர் நேர்வரிசையாக அடுக்கவில்லை. முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தார். எல்லா வீட்டுக்கும் கடல்காற்று, முன்னால் வலை உலர்த்த இடம். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டிய சில குடியிருப்புகளையும் பார்த்திருக்கிறேன். வலையை ரோட்டில் விரித்திருப்பார்கள். கட்டியவர்கள் அங்கே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பெண்களிடம் பேசியிருந்தால் போதும்.

ஆபீஸ் உன் ஒருத்தியின் பேரில் மட்டும் நிற்க வேண்டாம். பேக்கர் 2007-இல் காலமானார்; 1985-இல் அவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் என்ற குறைந்த செலவுக் கட்டட அமைப்பு இன்றும் வேலை செய்கிறது. கொத்தனார்களையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள். சனிக்கிழமை கூலி தள்ளிப் போகவே கூடாது.

அப்புறம், ஓணத்துக்கு வந்தால் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போவோம். பேக்கரின் பூச்சில்லாத செங்கல் சுவர்களை நீ கிட்டே நின்று பார்க்க வேண்டும். முதல் வேலை யாருக்கு என்று முடிவானதும் எழுது. பிளானை எனக்கு அனுப்புவதற்கு முன் அந்த வீட்டுக்காரியிடம் காட்டு.

அன்புடன்,
அப்பா