யாருக்கு ஊர், யாருக்குக் கேளிர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற புறநானூற்று வரியின் ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘ஊர்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஈடே கிடையாது என்று நிறுவுவதிலேயே கட்டுரையாளர் பாதிப் பக்கங்களைச் செலவிட்டிருக்கிறார். எனக்கு அது அவ்வளவு பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. ‘டவுன்’ என்று மட்டும் போட்டால் ஊரின் ஒட்டுதல் போய்விடும் என்பது சரி. ஆனால் ஏ.கே. ராமானுஜன் ‘ஹோம் டவுன்’ என்று போட்டு அதை ஏறக்குறையச் சரிக்கட்டிவிட்டார். மொழிபெயர்ப்பவரை உண்மையில் திணறடிப்பது வரியில் இல்லாத ஒரு சொல். யாருக்கு ஊர்? யாருக்குக் கேளிர்?

எனக்கு, எமக்கு, நமக்கு என்று எதுவும் தமிழில் இல்லை. வினைச்சொல்லும் இல்லை. நான்கு சொற்கள், நடுவில் ஓர் ஏகாரம், அவ்வளவே. நம் காதுக்கு இதில் குறையேதும் தட்டுப்படுவதில்லை. ஆங்கிலத்தில் இதை அப்படியே போட்டால் பூகோளப் பாடம் போல ஆகிவிடும். யாராவது ஒருவரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தியே ஆக வேண்டும். ஜி.யு. போப் வரியின் தொடக்கத்திலேயே ‘டு அஸ்’, அதாவது ‘எமக்கு’, என்று வைத்தார். ராமானுஜன் ஊருக்கு மட்டும் ‘நம்’ சேர்த்துவிட்டு, கேளிரை வெறுமனே விட்டார். 1999-இல் வெளியான புறநானூற்று மொழிபெயர்ப்பில் ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் ‘உன் ஊர், உன் உறவு’ என்று முன்னிலைக்கே போய்விட்டார்கள். ஒரு வரிக்கு இப்படி மூன்று விடைகள் இருக்க, கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

போப் அந்த ‘எமக்கு’ என்பதைத் தாமாக நுழைத்துவிடவில்லை. புறநானூற்றின் பழைய உரையே ‘எமக்கு எல்லாம் ஊர்’ என்றுதான் தொடங்குகிறது. 1894-இல் உ.வே. சாமிநாதையர் பாட்டோடு சேர்த்துப் பதிப்பித்த உரை அது. சரி, உரைகாரருக்கு அந்த ‘எமக்கு’ எங்கிருந்து வந்தது? முதல் வரியில் தேடினால் கிடைக்காது. இந்த 192ஆம் பாட்டு மொத்தம் 13 வரி. அதற்குள் ‘இலமே’, அதாவது ‘இல்லோம்’, என்ற சொல் நான்கு முறை வருகிறது. வாழ்தல் இனிதென்று மகிழ்ந்ததும் இலமே, வெறுத்து இன்னாதென்றலும் இலமே, பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே. இடையில் ‘தெளிந்தனம்’ என்று ஒன்று. ஐந்துமே தன்மைப் பன்மை. பேசுவது யார் என்பதைக் கணியன் பூங்குன்றனார் தொடக்கத்திலேயே சொல்லாமல், பாட்டு நெடுகத் தூவி வைத்திருக்கிறார். முதல் வரியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மொழிபெயர்ப்பைப் பற்றி வாதிடுபவர்கள் விடையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இதில் இன்னொரு நுட்பம். ‘அம்’ என்ற விகுதி கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், ‘ஏம்’ சேர்க்காது என்கிறது நன்னூல். அந்தக் கணக்கில் ‘இலம்’ என்றால் பாட்டைப் படிக்கும் நாமும் அதற்குள் அடக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே புறநானூற்றில், 112ஆம் பாட்டில், தந்தையை இழந்த பாரி மகளிர் ‘யாம் எந்தையும் இலமே’ என்கிறார்கள். அந்தத் துயரத்தில் கேட்பவருக்குப் பங்கு கிடையாது. ஆக, விகுதியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுத முடியாது. பூங்குன்றனாரின் ‘இலமே’ நம்மைச் சேர்த்துக்கொள்கிறதா, வெளியே நிறுத்துகிறதா என்பது திறந்தே கிடக்கிறது.

கேட்பவரைச் சேர்க்கும் ‘நாம்’, சேர்க்காத ‘யாம்’ என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை என்று நாம் குறைபட்டுக்கொள்வது வழக்கம். இந்த ஓர் இடத்தில் அந்தக் குறையே பொருத்தமாக அமைந்துவிட்டது. போப்பின் ‘அஸ்’ யாரையும் சேர்ப்பதுமில்லை, விலக்குவதுமில்லை, மூலமும் அப்படித்தான். கட்டுரையாளர் மூன்றில் சிறந்தது என்று பாராட்டும் ‘உன் ஊர்’ எனக்கு உவப்பாக இல்லை. பேசுகிறவர் தம்மை விலக்கிக்கொண்டு பிறருக்கு உபதேசம் செய்யத் தொடங்கிவிடுகிறார். பெரியோரை வியப்பதில்லை என்று சொல்லும் பாட்டுக்கு அந்தக் குரல் ஒட்டவில்லை.

போப்பையும் முழுதாக ஏற்க முடியாது. எல்லா ஊர்களும் எமக்கு ‘ஒன்றே’ என்று அவர் எழுதிவிட்டார். மூலத்தில் ‘ஒன்று’ இல்லை. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்பவருக்கு எந்த ஊரும் ஊராக இல்லாமலே போகலாம். எதுவாக இருந்தாலும் அது ஊர்தான் என்கிறார் பூங்குன்றனார். அப்புறம், ‘யாவரும்’ என்பதற்கு அவர் போட்ட அந்த ‘ஆல் மென்’. யாவர் என்பதற்கு ஆண், பெண் பேதம் கிடையாது. ராமானுஜனும் இதே இடத்தில் ‘மேன்’ என்றே போட்டார்.

‘கேளிர்’ என்பதற்குக் ‘கின்’ போதும் என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ என்று வரும்போது அது இரத்த உறவு. 280ஆம் பாட்டில் ‘கேளிர் வாழியோ கேளிர்’ என்று காதலன் தன் நண்பர்களை அழைக்கிறான். அங்கே உறவுமுறைக்கு வேலையே இல்லை. இரண்டும் ஒரு சொல்லுக்குள் இருக்க, ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். பூங்குன்றனார் பிறப்பால் வரும் உறவைச் சொன்னாரா, பழக்கத்தால் வருவதைச் சொன்னாரா என்பது இடம் ஒதுக்கி எழுத வேண்டிய விஷயம். ‘ஊரு’க்குக் கொடுத்த பக்கங்களில் இரண்டை இதற்குத் தந்திருக்கலாம்.

2019-இல் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் எடுத்துச் சொன்னதும் அந்த முதல் வரியைத்தான். மேடைக்கு ஒரு வரி போதும். இலக்கியப் பத்திரிகைக்குப் போதாது. அடுத்த முறை மொழிபெயர்ப்புகளை ஒப்பிடும்போது 13 வரிகளையும் அச்சிட்டு, அவற்றுக்குப் பக்கத்தில் மூன்று ஆங்கில வடிவங்களையும் முழுமையாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்