கணினி காரணமும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயறியத் துணைநிற்கும் கணினியை நேற்று வந்த புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களிலேயே உருவான 'மைசின்' என்ற கணினி நிரல், ரத்தத்தில் பரவும் பாக்டீரியாத் தொற்றைச் சுமார் 600 விதிகளைக் கொண்டு ஆராய்ந்து, எந்த மருந்தை எவ்வளவு தரலாம் என்று பரிந்துரைத்ததுடன், மருத்துவர் 'ஏன்' என்று தட்டச்சு செய்தால் அதற்குரிய விதியையும் எடுத்துக்காட்டியது. (அது நடைமுறைச் சிகிச்சைக்கு வராமலே போனது வேறு கதை.) அண்மையில் நீரிழிவுக்காக என் விழித்திரையைப் படமெடுத்தபோதோ, 'மேல்சிகிச்சைக்கு அனுப்புக' என்ற ஒற்றை வரியைத்தான் படத்தை ஆராய்ந்த மென்பொருள் திரையில் காட்டியது, ரத்தக்கசிவு எங்கே என்பதை மருத்துவர் படத்தைப் பெரிதாக்கித் தேடித்தான் காட்டினார். இத்தகைய மென்பொருளை அரசு வாங்கும்போது, ஐயத்துக்குரிய இடத்தைப் படத்திலேயே குறித்துக்காட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியில் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மதுரை