பள்ளி போர்டுக்கு நிற்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தமிழ்ப் பள்ளி வாசலில், பனியில் கால் வழுக்காமல் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டாய். "அக்கா, எங்க ஸ்கூல் போர்டுக்கு நிக்கச் சொல்றாங்க. பேர் குடுத்துடட்டுமா? மாசத்துக்கு ஒரு மீட்டிங்தானாம்." அந்தக் குளிரில் வாயைத் திறந்து பேச முடியவில்லை. "நில்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லாமல் விட்டதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். உன்னைப் போல இன்னும் சில பெற்றோரும் கேட்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

"மாசத்துக்கு ஒரு மீட்டிங்" என்று என்னிடமும் சொன்னார்கள், 2009இல். மினசோட்டாவின் செயின்ட் பாலில் ஒரு சின்ன சமூக சார்ட்டர் பள்ளி. உன் பிள்ளையின் பள்ளி மாதிரியே, அரசுப் பணத்தில் ஓடினாலும் தன் போர்டே நடத்துகிற பள்ளி. என் பெண் அங்கே இரண்டாம் வகுப்பு. நான் கணக்கு படித்தவள் என்று தெரிந்ததும் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். நான்கு வருடம் இருந்தேன்.

முதலில் இந்த போர்டு என்னவென்று உன் மனதில் சரியாகப் பதிய வேண்டும். ஊரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தாளாளர் என்று ஒருவர் இருப்பாரே! சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவார், ஆசிரியரை நியமிப்பார், கல்வி அலுவலகம் கேட்டால் பதில் சொல்வார். சார்ட்டர் பள்ளியில் அந்தத் தாளாளர் நாற்காலியில் போர்டு மொத்தமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. உன் அம்மா ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழுவால் தலைமை ஆசிரியரை நியமிக்க முடியாது, அனுப்பவும் முடியாது. நீ போகிற போர்டால் இரண்டும் முடியும். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடுகிற அளவுக்குத் தப்புப் பண்ணவும் முடியும்.

சார்ட்டர் பள்ளி என்ற யோசனை முதலில் சட்டமானதே நம் மினசோட்டாவில்தான், தெரியுமா? ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் 1988இல் இதைப் பற்றிப் பேசினார். அதைப் பிடித்துக்கொண்டு எம்பர் ரைக்காட் யுங்கி என்ற மாநில செனட்டர் போராடி 1991இல் சட்டமாக்கினார். நாட்டிலேயே அதுதான் முதல் சார்ட்டர் சட்டம். மாநிலம் முழுவதற்கும் 8 பள்ளிதான் என்று வரம்பு வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே செயின்ட் பாலில் 'சிட்டி அகாடமி' திறந்தது. வேறு பள்ளிகளில் படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகளுக்காக ஆசிரியர்களே தொடங்கிய பள்ளி அது. போர்டில் ஆசிரியர்கள்தான் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்றது அந்த முதல் சட்டம். 2009இல் அதைத் தளர்த்தினார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தப் பழைய விதி மேல் ஒரு மரியாதை உண்டு. வகுப்பறையில் நிற்கிறவர்கள் கையில் சாவியைக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு சட்டமே நம்பியிருக்கிறது.

இப்போதைய விதிப்படி போர்டில் குறைந்தது 5 பேர். அதில் அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பெற்றோர் ஒருவர், இரண்டிலும் சேராத ஊர்க்காரர் ஒருவர் கட்டாயம். இயக்குநரும் (நம் ஊர்த் தலைமை ஆசிரியர் மாதிரி, பள்ளியை அன்றாடம் நடத்துகிறவர்) நிதிப் பொறுப்பாளரும் மேசையில் உட்காரலாம், ஓட்டுப் போட முடியாது. பணியாளர் விஷயம், நிதி இரண்டிலும் 12 மாதத்துக்குள் பயிற்சி முடிக்கவில்லை என்றால் உன் பதவி போய்விடும். அதைத் தள்ளிப்போடாதே. நிதிப் பயிற்சிக்கு முதலில் போ.

ஏன் நிதி என்று சொல்கிறேன்.

2010 ஜூன் மாதக் கூட்டம். பள்ளிச் சாப்பாட்டு அறையில், பிள்ளைகள் உட்காரும் வட்ட ஸ்டூலில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த ஆண்டு பட்ஜெட் வந்தது. 212 பிள்ளைகள் வருவார்கள் என்று போட்டிருந்தது. அந்த வருடம் எங்களிடம் இருந்தவர்கள் 190 பேர். எனக்கு உறுத்தியது. 22 பேர் கூடுதலாக எங்கிருந்து வருவார்கள்? விண்ணப்பம் எத்தனை வந்திருக்கிறது? பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் உறுதி சொல்லியிருக்கிறார்கள்? இவ்வளவும் நாக்கு நுனியில் இருந்தது. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. இயக்குநர் பள்ளிக்காக ராத்திரி பகலாக உழைக்கிறவர். அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று தோன்றியது. என் ஆங்கிலத்தில் கேட்டால் கோபமாகக் கேட்பதுபோல் இருக்குமோ என்றும் தோன்றியது. கையைத் தூக்கினேன், ஓட்டுப் போடுவதற்கு மட்டும். ஒருமனதாக நிறைவேறியது.

செப்டம்பரில் 187 பேர் வந்தார்கள்.

இங்கே பணம் பிள்ளையோடு வரும், பிள்ளையோடு போகும். அப்போது ஒரு பிள்ளைக்கு மாநிலம் தரும் அடிப்படைத் தொகை 5,124 டாலர். 25 பேர் குறைந்தால் அந்த ஒரு வரியிலேயே 1,28,100 டாலர் ஓட்டை. ஆசிரியர்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, கட்டட வாடகை குறையாது. ஊர்ப் பொதுப்பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குப் பணமுடை வந்தால் ஊர் மக்களிடம் ஓட்டெடுப்பு வைத்து சொத்து வரியில் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். சார்ட்டருக்கு அந்த வாசல் கிடையாது. வாடகைக்கு மாநிலம் உதவித்தொகை தரும், ஆனால் 90 சதவீதத்துக்கு மேல் தராது, அதற்கும் தலைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. பிள்ளை குறைந்தால் அதுவும் குறையும்.

அது போதாதென்று 2011 ஜூலை. மாநில அரசு பட்ஜெட் தகராறில் மூன்று வாரம் மூடிக் கிடந்தது. கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, பள்ளிகளுக்குத் தர வேண்டியதில் 40 சதவீதத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவது. சாதாரண நாளில் 10 சதவீதம்தான் தள்ளும், அதைத் தாங்கலாம். கையிருப்பு வைத்திருந்த பள்ளிகள் சமாளித்தன. எங்களைப் போன்றவர்கள் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட்டோம். மாநிலம் நமக்குத் தர வேண்டிய பணத்துக்கு நாம் வட்டி கட்டினோம். அந்த வட்டி ரசீதில் பொருளாளர் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த எண்களெல்லாம் ஒரு மனுஷியின் மேல் வந்து விழுந்ததுதான் என்னால் இன்னும் மறக்க முடியாதது. அலுவலகத்தில் மாங் மொழி பேசும் உதவியாளர் ஒருவர் இருந்தார். லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மாங் குடும்பங்கள் செயின்ட் பாலில் எத்தனை என்று உனக்கே தெரியும், எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் அவர்கள்தான். காலையில் ஏழரைக்குத் தொலைபேசியை எடுப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாட்டி சொன்னால் "மருந்து கொடுத்தாச்சா? சாப்பிட்டானா?" என்று அவர்கள் மொழியில் விசாரிப்பார். பள்ளியிலிருந்து போன கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாத்தாக்களை உட்காரவைத்து வரிவரியாகப் படித்துக்காட்டுவார். பட்ஜெட் காகிதத்தில் அவர் 'அலுவலகப் பணியாளர், அரைநேரம்'. ஓட்டையை அடைக்க வெட்டிய இடங்களில் அந்த வரியும் ஒன்று. பேருந்து வழித்தடத்தில் ஒன்றைக் குறைத்தது இன்னொன்று.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு மாங் பாட்டி வந்தார். நீலச் சால்வை, மடியில் ஒரு துணிப்பை. இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு 3 நிமிடம் என்று தலைவர் அறிவித்ததும் எழுந்தார். அவர் மொழியில் பேசினார். நடுவில் கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே தெருவைக் காட்டினார். எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. 3 நிமிடம் முடிந்ததும் தலைவர் நன்றி சொன்னார், பாட்டி தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டக் குறிப்பில் 'பொதுமக்களில் ஒருவர் பேசினார்' என்று ஒரு வரி.

நான் கிளம்பும்போது வாசலில் அவர் பேத்தி நின்றுகொண்டிருந்தாள், ஐந்தாம் வகுப்பு. என்னம்மா சொன்னாங்க பாட்டி என்று கேட்டேன். பஸ் நிறுத்தத்தைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டீர்கள், தம்பி ஒன்றாம் வகுப்பு, காலையில் இருட்டாக இருக்கிறது, லாரி நிற்காமல் போகிறது, யாராவது ஒருவர் வந்து பாருங்கள் என்று கேட்டாராம்.

மறுநாள் காலை ஆறரைக்கு அந்தச் சாலைக்குப் போய் நின்றேன். பாட்டி சொன்னது அத்தனையும் நிஜம். ஒரே வாரத்தில் நிறுத்தம் பழைய இடத்துக்கு வந்தது. ஆறு நிமிடம் கூடுதலாக ஓடியது பஸ், அவ்வளவுதான் செலவு. அடுத்த கூட்டத்தில், போர்டு கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் என்று பட்ஜெட்டில் தனி வரி வேண்டும் என்று நான் கேட்டேன். குரல் நடுங்கியது. ஆனாலும் கேட்டேன். கிடைத்தது.

ஜூனில் அந்த 212ஐப் பற்றிக் கேட்டிருந்தால் இந்தப் பாட்டி இருட்டில் சாலையைக் கடந்திருக்க வேண்டாம். இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை எழுதுகிறேன். கேள்வி மனதில் வந்தால் அந்தக் கூட்டத்திலேயே, எல்லோர் முன்னாலும், வாய்விட்டுக் கேள். இயக்குநரை மதிப்பதும் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை. நல்ல இயக்குநர் கேள்விக்குச் சந்தோஷப்படுவார், ஏனென்றால் ராத்திரி தூக்கம் வராமல் அவரும் அதே எண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். உன் போர்டு நேரடியாக வேலைக்கு வைத்து, வருடா வருடம் மதிப்பிடுகிற ஆள் அவர் ஒருவர்தான். அவரைத் தேர்ந்தெடுப்பதும், தாங்கிப் பிடிப்பதும், தேவைப்பட்டால் மாற்றுவதும்தான் போர்டின் பெரிய வேலை. மற்ற ஆசிரியர்கள், நேர அட்டவணை, எந்தப் பாடநூல் என்பதெல்லாம் அவரும் அவருடைய குழுவும் பார்க்க வேண்டியவை. அங்கே நுழையாதே. கார் நிறுத்துமிடத்தில் பெற்றோர் பிடித்துக்கொள்வார்கள், "அந்த மிஸ் என் பையனைத் திட்டிட்டாங்க, நீங்க போர்டுல இருக்கீங்களே" என்று. காது கொடு. பிறகு ஆசிரியரிடம், அதன்பின் இயக்குநரிடம் போகச் சொல். கூட்டத்துக்கு வெளியே உனக்குத் தனியாக எந்த அதிகாரமும் இல்லை.

வாட்ஸ்அப்பில் போர்டு குரூப் தொடங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். போர்டு பேசுவது ஊர் முன்னால் நடக்க வேண்டும் என்று இங்கே திறந்த கூட்டச் சட்டம் இருக்கிறது. பள்ளிக்கு எந்த வேலையும் உன் வீட்டுக்காரர் கம்பெனி வழியாகப் போகக்கூடாது, இனாமாகச் செய்கிறேன் என்றாலும் ஒருமுறை யோசி.

தேர்ந்தெடுத்துவிட்டால் முதல் மாதத்திலேயே பள்ளிக்கு அனுமதி கொடுத்த அமைப்போடு போட்ட ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கு. அதிகபட்சம் 5 வருடத்துக்குத்தான் இருக்கும். எப்போது முடிகிறது, என்னென்ன சாதிப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார். போன வருடத் தணிக்கை அறிக்கையையும் கையிருப்பு எவ்வளவு என்பதையும் கேள். மாதாமாதம் பிள்ளைகளின் எண்ணிக்கை போர்டு காகிதத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று சொல். 2024-25இல் அந்த அடிப்படைத் தொகை 7,281 டாலராக இருந்தது. 25 பிள்ளை குறைந்தால் என்ன ஆகும் என்று நீயே பெருக்கிப் பார்.

உனக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். பயமும் என்னைவிடக் குறைவு. கூட்டம் செவ்வாய்க்கிழமை ராத்திரி என்று சொன்னாய். அன்றைக்குக் குட்டியை என் வீட்டில் விட்டுவிட்டுப் போ. ரசம் சாதம் ஊட்டித் தூங்கவைத்துவிடுகிறேன். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து கூட்டிப்போ.

அன்புடன்,
அக்கா