வானதூதர் காதல் கதைகளை நூலக அலமாரிக்குத் திருப்பித் தாருங்கள்

பழனி மலைப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும் நூலகப் பொறுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நம் மலைப் பள்ளி ஒன்றின் நூலகத்தில் இருந்த, வானதூதர்களைக் காதலர்களாகக் கொண்ட ஆங்கில இளையோர் நாவல்கள் அனைத்தும் இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டு, அலுவலக அறை பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டிருக்கின்றன. பெற்றோர் கூட்டத்தில் சிலர் தெரிவித்த ஆட்சேபத்தின் பேரில் அவ்வாறு செய்ததாகச் சொல்கிறார்கள். மற்றப் பள்ளிகளிலும் அதையே பின்பற்றலாம் என்று பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டதால் இந்த மடலை எழுதுகிறேன். பல ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், சனிக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவிகளோடு சேர்ந்து புத்தகம் வாசித்துவருகிறேன். ஆகவே அந்த நாவல்களையும் படித்திருக்கிறேன், அவற்றைப் படிக்கும் பிள்ளைகளையும் அறிவேன்.

முதலில் இவை எத்தகைய புத்தகங்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்சேபித்தவர்களில் பலர் அட்டைப்படத்துக்கு மேல் போகவில்லை என்று தெரிகிறது. 2005இல் வெளிவந்த 'ட்வைலைட்' நாவல் இரத்தக் காட்டேரியைக் காதலனாக்கிப் பெரும் வெற்றி பெற்ற பிறகு, அமெரிக்கப் பதிப்பகங்கள் அதே வார்ப்பில் வேறு அமானுடக் காதலர்களைத் தேடின. 2009இன் பிற்பகுதியில் பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 'ஹஷ், ஹஷ்', லாரன் கேட்டின் 'ஃபாலன்' ஆகிய இரண்டும் அடுத்தடுத்து வெளிவந்தன. அவற்றுக்குப் பின் வானதூதர் கதைகள் வரிசையாக வரத் தொடங்கின. பெரும்பாலும் பதினாறு பதினேழு வயதுப் பெண், விண்ணிலிருந்து தள்ளப்பட்ட அல்லது தானே இறங்கிவந்த ஒரு தூதன், அவர்களைச் சேரவிடாத ஏதோ ஒரு பழைய சாபம் என்பதுதான் கதையின் அடிப்படை. நம் ஊருக்கு இவை வந்த வழி எளியது: சுற்றுலா வந்தவர்கள் விடுதிகளில் விட்டுப்போனவை, வெளியூரில் படிக்கும் அக்காமார் கொண்டுவந்தவை, பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கியவை. ஒருத்தி படித்து முடித்ததும் அடுத்தவள் கைக்குப் போய், முதுகு கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, கடைசியில் நூலகத்துக்கு நன்கொடையாக வந்து சேர்ந்தன.

ஆட்சேபங்களில் ஒன்று சமயம் சார்ந்தது. புனிதமான வானதூதர்களைக் காதல் கதையில் இழுத்துவிடுவது தெய்வ நிந்தனை என்று கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் வருந்துகிறார்கள். நானும் சலேத் மாதா கோவில் திருவிழாவுக்குச் சிறுவயது முதல் போய்வருபவள்; உறங்கப்போகுமுன் காவல் தூதரான சம்மனசிடம் செபம் சொல்லி வளர்ந்தவள். அந்த வருத்தத்தை நான் இலேசாக நினைக்கவில்லை. ஆனால் வானதூதரும் மானிடக் காதலும் சந்திக்கும் இடங்கள் வேதத்துக்குள்ளேயே இருக்கின்றன. தொடக்கநூல் ஆறாம் அதிகாரத்தில் தெய்வப் புதல்வர்கள் மானிடப் பெண்களின் அழகைக் கண்டு அவர்களை மணந்துகொண்டார்கள் என்று வருகிறது. அந்தச் சில வரிகளை விரித்து எழுந்ததே ஏனோக்கின் நூல். அதில் இருநூறு தூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி, பெண்களை மணந்து, அவர்களுக்கு மூலிகை வித்தைகளையும் உலோக வேலைகளையும் கற்றுக்கொடுத்துத் தண்டனைக்கு உள்ளாகிறார்கள். எத்தியோப்பிய மரபுத் திருச்சபை அந்நூலை இன்றும் வேதத்தின் பகுதியாகப் படிக்கிறது. புதிய ஏற்பாட்டின் யூதா திருமுகம் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறது. தூதருக்கும் மானிடப் பெண்களுக்கும் பிறந்தவர்களைக் குறிக்க இந்த நாவல்களில் வரும் 'நெபிலிம்' என்ற பெயரும், விழுந்த தூதன் என்ற கற்பனையும் இந்த ஊற்றிலிருந்து வந்தவையே. உயிர்த்தெழுந்தவர்கள் விண்ணகத் தூதர்களைப் போல் இருப்பார்கள், அங்கே பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளை வேதத்தை இன்னும் கவனமாகத்தான் படிப்பாள்.

கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள தோபித்து நூலை நான் மாணவிகளுக்கு விரிவாகவே சொல்வதுண்டு. சாரா என்ற பெண்ணை ஒரு பேய் பிடித்து ஆட்டுகிறது. அவளை மணக்க வந்த ஏழு பேரையும் அது முதல் இரவிலேயே கொன்றுவிடுகிறது. ஊரில் வேலைக்காரப் பெண்கூட அவளைப் பழிக்கிறாள். அவள் மாடியறையில் சாவை வேண்டி அழுகிறாள். அங்கே இளைஞன் தோபியாவை, வழியில் ஒரு நாயும் உடன்வர, அழைத்துப்போகும் துணைவன் அசரியா உண்மையில் ரபேல் என்ற அதிதூதர். மீனின் ஈரலையும் இதயத்தையும் தணலில் இட்டுப் பேயை விரட்டும் வழியை அவர்தான் சொல்லித்தருகிறார். திருமணம் நடந்து, கடன் வசூலாகி, தோபியாவின் கண்ணிழந்த தந்தைக்குப் பார்வையும் திரும்பிய பிறகு கூலியாகப் பாதிச் செல்வத்தைக் கொடுக்க வரும்போது, ரபேல் அதை வாங்காமல் தான் யாரென்று சொல்லிவிட்டு மறைகிறார். இந்தக் கதையில் அந்தப் பெண்ணைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மற்றவரை நெருங்கவிடாதது பேய்; தனக்கென்று எதையும் கேளாமல் அவளை வாழவைத்தவர் தூதர். இதைச் சொல்லி முடித்தபின் 'ஃபாலன்' நாவலைக் கையில் எடுத்தால், மாணவிகளே கேள்வியை எழுப்பிவிடுகிறார்கள். அந்நாவலில் லூஸ் என்ற பெண் பதினேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பிறந்து, அதே தேவதூதன் டேனியலைக் காதலித்து, அதனாலேயே சாகிறாள். அவனுக்கு எல்லாப் பிறவியும் நினைவிருக்கிறது, அவளுக்கு எதுவும் நினைவில்லை. "தெரிந்தவன் சொல்லாமல் இருந்தால் அது எப்படி, மிஸ், காதல்?" என்று பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். நாவலை அவள் விடிய விடியப் படித்தவள், அதன்மேல் ஆசையும் உள்ளவள். புத்தகம் பீரோவில் இருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

அடுத்த ஆட்சேபம், காதல் கதை பெண் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது. இதை இந்த மலையில் நின்றுகொண்டு சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. அகநானூற்றின் முதற்பாட்டிலேயே பொதினி என்று பாடப்பட்டதும், மயிலுக்குப் போர்வை தந்த பேகன் ஆண்டதும் நம் மலைநாடு. குறிஞ்சித் திணையின் உரிப்பொருளே புணர்தல், அதாவது காதலர் கூடுவதுதான். அதன் தெய்வம் முருகன். அமானுடர் கதைகளும் நமக்குப் புதியவை அல்ல. நற்றிணை 34ஆம் பாட்டில், கடவுள் உறையும் சுனையின் குவளையையும் குருதி நிறக் காந்தளையும் சேர்த்துக் கட்டிய சூர்மகள் என்ற மலைத் தெய்வப் பெண், அருவியின் ஓசையையே இசையாகக் கொண்டு ஆடுகிறாள். அந்த மலைக்குரிய தலைவனைக் காதலித்து மெலிந்த பெண்ணுக்கு முருகு பிடித்துவிட்டது என்று தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைத்து, வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துகிறாள். அப்போது தோழி வேலனிடம்கூடப் பேசவில்லை, நேரே முருகனிடமே பேசுகிறாள்: இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று தெரிந்தும் இங்கே வந்து நின்றாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் அறியாமை உடையவன்தான், வாழ்க என்கிறாள். குறுந்தொகை 362இல் இன்னொரு தோழி வேலனைப் பார்த்து, நீ ஆட்டுக்குட்டியைக் கொன்று படைக்கிறாயே, இவளை வருத்திய மலைநாடனின் மாலையணிந்த மார்பும் அந்தப் பலியை உண்ணுமா என்று கேட்கிறாள். இவற்றைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லும் நாம், மகளின் பையில் ஒரு காதல் நாவல் இருந்தால் மட்டும் ஏன் பதறுகிறோம்? அந்தப் பாட்டுகளில் தாய் செய்தது இதுதான்: மகளிடம் கேட்காமல், வெளியே இருக்கும் ஏதோ ஒன்றின்மேல் பழிபோட்டு, அதை விரட்ட ஆள் வைத்தாள். தோழி அறத்தொடு நின்று, அதாவது மகளின் காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தி, உண்மையைச் சொன்ன பிறகுதான் வீட்டில் பேச்சே தொடங்குகிறது.

நம் கதைகள் எல்லாம் தூயவை, ஆங்கிலக் கதைகள்தான் பிழையானவை என்று நான் வாதிடவில்லை. கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலத்தை வாசித்தபோது, தினைப்புனத்தில் வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி வந்த முருகன், வள்ளி மறுத்ததும் அண்ணனை யானையாக வரவழைத்து அவளைப் பயமுறுத்தி அணைக்கவைக்கும் இடத்தில் மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்தியில் குறையில்லாத பிள்ளை ஒருத்தியே, "யானை வராவிட்டால் வள்ளி என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாமலே போய்விட்டதே" என்றாள். உயிரை இறைவன் ஆட்கொள்ளும் தத்துவம் என்று பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்வதை நானும் சொன்னேன். ஆனால் அவளுடைய கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

இந்த நாவல்களில் உண்மையாகவே ஆட்சேபிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் யாரும் பேசவில்லை என்பதுதான் என் மனக்குறை. 'ஹஷ், ஹஷ்' நாவலில் உயிரியல் வகுப்பில் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட பாட்ச் என்ற பையனைப் பற்றி நோரா அச்சமடைந்து, இடம் மாற்றித் தரும்படி ஆசிரியரைக் கேட்கிறாள். அவர் மறுத்துவிடுகிறார். பின்னால் தெரிகிறது, அவன் விழுந்த தூதன், மனித உடல் பெறுவதற்காக அவளைக் கொல்லும் எண்ணத்தோடு வந்தவன். அவள் போகுமிடமெல்லாம் அவன் இருப்பதும், அவள் மனதுக்குள் அவன் பேசுவதும் கவர்ச்சியாக எழுதப்பட்டிருக்கின்றன. பின்தொடர்வதையே அன்பு என்று ஏற்கவைக்கும் எழுத்து அது. நான் அதை வெறுக்கிறேன்.

அதனால்தான் அதைச் சனிக்கிழமை வாசிப்பில் வாசிக்க வைத்தேன். எந்த இடத்தில் அவளைக் கேட்காமல் அவன் ஒன்றைச் செய்கிறானோ அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைக்கச் சொன்னேன். புத்தகம் திரும்பி வந்தபோது மேல்விளிம்பு முழுவதும் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சீட்டில், கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம்போட்ட தாளில், பென்சிலால் எழுதியிருந்தது: "இவனுக்கு இறக்கை இல்லையென்றால் இவனைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருப்பேன்." எழுதியவள் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்குத் தோட்டத்துக்கு நடுவே தனியாக நடந்துவருபவள். பைக்கில் மெதுவாகப் பின்னாலேயே வரும் ஆளைப் பற்றி அவள் அதற்குப் பிறகுதான் என்னிடம் வாய் திறந்தாள். உடனே அவள் தாயிடம் பேசினோம், ஊர்ப் பெரியவர்கள் மூலம் அது நிறுத்தப்பட்டது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றியும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பற்றியும் பள்ளியில் சுவரொட்டி ஒட்டியிருந்தும் வராத பேச்சு, இந்த நாவலின் வழியாக வந்தது.

எல்லா வானதூதர் கதையும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சூசன் ஈ 2011இல் வெளியிட்ட 'ஏஞ்சல்ஃபால்' நாவலில் தூதர்கள் உலகை அழிக்க வந்த படையாக இருக்கிறார்கள். மனநலம் குன்றிய தாயையும், சக்கர நாற்காலியில் இருக்கும் தங்கையையும் காப்பாற்ற வேண்டிய பென்ரின் என்ற பதினேழு வயதுப் பெண், கடத்தப்பட்ட தங்கையைத் தேடிப் போவதற்காகவே காயம்பட்ட தூதன் ஒருவனோடு உடன்பாடு செய்துகொள்கிறாள். காதல் பின்னால் வருகிறது. அவளுடைய வேலை முன்னால் நிற்கிறது. சிறந்த இலக்கியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நம் பிள்ளைகளில் வீட்டுப் பாரத்தைச் சுமப்பவர்கள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படித்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தப் புத்தகங்களுக்காகவே அகராதியைப் புரட்டி ஆங்கிலம் கற்றவர்களும் உண்டு. இதெல்லாம் இப்போது ஒரே பீரோவுக்குள் இருக்கிறது, நல்லதும் கெட்டதும் பிரித்துப் பார்க்கப்படாமல்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். எடுத்த புத்தகங்களை ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கான அலமாரியில் திரும்ப வையுங்கள். அதற்குக் கீழுள்ள வகுப்புகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. முடிவெடுக்கும் உறுப்பினர்கள் அவற்றில் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். ஆங்கிலம் தடையென்றால் கதையைத் தமிழில் வாசித்துச் சொல்ல மாணவிகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளையை வாசித்துப் பேசுவதற்கென்று ஒதுக்கி, அதில் ஓர் ஆசிரியை உடனிருக்கட்டும். மாணவர்களையும் அதில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பாட்ச் செய்வது தவறு என்று அவர்களும் அறிய வேண்டும். தாய்மாரையும் மாதம் ஒருமுறை அழையுங்கள். மாத நாவல்களையும் வார இதழ்த் தொடர்கதைகளையும் வயல் வேலைக்கும் சமையலுக்கும் இடையில் விடாமல் படித்து வளர்ந்த தலைமுறை அவர்கள். கதாநாயகனின் கோபத்தை அன்பென்று எத்தனை அத்தியாயம் பொறுத்துக்கொண்டோம் என்று மகளிடம் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பொருள் நிரலில் சேர்த்து எனக்குச் சிறிது நேரம் ஒதுக்கினால், சீட்டு வைத்த புத்தகத்தையும், சம்மதம் தெரிவித்த மாணவிகள் சிலரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். சீட்டுகளில் எழுதியவர்களின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மாலை நான்கரை மணிக்குள் கூட்டத்தை முடித்தால் கீழ்ப்பக்கத்துக் கிராமங்களுக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்குப் பஸ் கிடைக்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்
பண்ணைக்காடு, பழனி மலை