ரேகை விழாத விரல்

குடியாத்தம்,
சித்திரை 18

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நேத்து போனைப் பாதியில வச்சிட்ட. "கம்பெனியில தர்ற அந்தப் பதவி எனக்கு வேணாம்மா, பத்து ஆம்பளைங்க நடுவுல ஒருத்தியா உட்கார்ந்து மல்லுக்கட்ட முடியல"ன்னு சொன்னியே, அதுக்கு வாயால பதில் சொன்னா நமக்குள்ள சண்டைதான் வரும். அதான் எழுதறேன்.

உன் கம்பெனி வேலை எனக்கு முழுசாப் புரியாது. போன்ல காசு அனுப்பறது, மிஷின்ல விரல் வச்சுப் பணம் எடுக்கறது, அவ்வளவுதான் தெரியும். ஆனா அந்த மிஷினுக்கு இந்தப் பக்கம் நிக்கறவ நான்.

போன மாசம் எதிர்வீட்டு அத்தையோட உரிமைத்தொகை எடுக்கப் போனேன். ஏழு தடவ விரல் வச்சாங்க. வலது கை, இடது கை, சேலையில துடைச்சு, தலையில தடவி எண்ணெய் தொட்டு, எதுக்கும் ரேகை விழல. நாப்பது வருஷம் பீடி சுத்தின விரல். ரேகையை இலையும் தூளும் எப்பவோ தின்னாச்சு. "கார்டு இருந்தா ஏ.டி.எம்.ல எடுத்துக்கோங்கம்மா"ன்னு அந்தப் பையன் சொன்னான். கார்டு மாமாகிட்ட. பணம் வந்த மெசேஜும் மாமா போனுக்குத்தான் போவுது. சாயங்காலம் அவரே எடுத்துட்டு வந்தாரு. 1000 ரூபாய்ல அத்தை கைக்கு வந்தது 400. 2023 செப்டம்பர்ல இந்தப் பணம் ஆரம்பிச்சப்போ, பொம்பளைங்க கணக்குக்கே வருதுன்னு தெருவே சந்தோஷப்பட்டுது. கணக்கு அத்தை பேர்லதான் இருக்கு. நம்பர்தான் அவரோடது.

அந்த மிஷினைச் செஞ்சவங்க கெட்டவங்க இல்ல கண்ணு. பேசி முடிவெடுத்த அறையில, விரல் தேஞ்ச அம்மா ஒருத்தருக்கும் இருந்திருக்க மாட்டா. உனக்கு இருக்காளே.

தருமபுரியில 1989ல ஆரம்பிச்ச மகளிர் குழு நம்ம தெருவுக்கு வர்றதுக்குள்ள நீ பொறந்து நடக்க ஆரம்பிச்சிட்ட. கணக்கு தொடங்க இருபது பேர் பேங்குக்குப் போனோம். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பாக்காம, "வீட்டுக்காரர் யாரும் வரலையா?"ன்னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. அப்புறம் குழுவை நடத்தறவங்களுக்கான ஊக்குநர் பயிற்சியில, குஜராத்ல இலா பட்னு ஒரு அம்மா 1974லயே பெண்களுக்குன்னு சேவா பேங்க் ஆரம்பிச்சதைச் சொன்னாங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்கு அங்க போட்டோ ஒட்டின பாஸ்புக்காம். எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஒரு போட்டோ ஒட்டினா தீர்ற விஷயம், அதுவரைக்கும் ஒரு பேங்குக்கும் தோணலையே!

நீ சொன்ன பேரெல்லாம் ஞாபகம் இருக்கு. 2013ல ஸ்டேட் பேங்குக்கு முதல் பெண் தலைவரா வந்த அருந்ததி பட்டாச்சார்யா, 2009ல மொபிக்விக்னு போன்ல காசு அனுப்பற கம்பெனியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான உபாசனா டாக்கு. அவங்களும் எத்தனை நாள் தனியா உட்கார்ந்திருப்பாங்களோ.

பெரிய கம்பெனி போர்டுல ஒரு பெண்ணாவது இருக்கணும்னு 2013ல சட்டம் வந்ததும், முதலாளி வீட்டம்மாவையே உட்கார வச்சுக் கணக்கை முடிச்ச கம்பெனிகள் உண்டுன்னு நீதான் சிரிச்ச. நாற்காலியில அம்மா பேரு, கையெழுத்துக்கு ஐயா. நம்ம பக்கத்து பஞ்சாயத்துல பாக்காததா? அப்படிப் பேருக்கு உட்காரச் சொன்னா, நானே வேணாம்னு சொல்லுவேன். உன்னைக் கூப்பிடறது வேலை தெரிஞ்சதுக்காக.

கல்யாணம் ஆனா போயிடுவியான்னு உன் மேலதிகாரி கேட்டது எனக்குப் பிடிக்கல. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு 2017லயே சட்டம் ஆச்சு, அது அவருக்குத் தெரியாதா? ஆனா அதே கேள்வியைப் பொங்கலுக்கு நானும் உன்கிட்ட கேட்டேன். தப்புதான்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவப் பள்ளியை ஐடா ஸ்கடர் 1918ல பெண்களுக்கு மட்டும்னுதான் ஆரம்பிச்சாங்க. பசங்களைச் சேர்த்தது 1947லதான். முதல் நாள் போய் உட்கார்ந்த அந்தப் பசங்களுக்கும் கூச்சமாத்தான் இருந்திருக்கும். உங்க நைனாகிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு.

வைகாசி ஒண்ணாந்தேதி நம்ம ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. முந்தின நாளே வந்துடு. லீவு ஒரு நாள் கூடப் போடு, அத்தையைக் கூட்டிக்கிட்டு பேங்குக்குப் போய் நம்பர் மாத்தணும். யாருக்கும் சொல்லாம புது சிம் ஒண்ணு வாங்கி, முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்க.

அம்மா