செயலாளரின் ஆண்டறிக்கை: ஸ்கொட்லாந்துச் சுற்றுலாவும் அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, சங்கத்தின் மூத்தோரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, வாணி விழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, மூத்தோர் மதிய ஒன்றுகூடல் ஆகியவை வழக்கம்போல நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஜூன் மாதம் நாம் மேற்கொண்ட ஸ்கொட்லாந்துச் சுற்றுலாவுக்கே ஒதுக்குகிறேன். அடுத்த சுற்றுலாவைப் பற்றிய தீர்மானத்தை இன்று சபை எடுக்க வேண்டியிருப்பதால், வரமுடியாமல் போனவர்களும் அங்கே கண்டவற்றை அறிந்திருப்பது நல்லது.

வட இங்கிலாந்தில் வாழும் நமக்கு ஸ்கொட்லாந்து அடுத்த வீடுதான். இருந்தும் நம்மில் பெரும்பாலோர் எடின்பரோவுக்கு அப்பால் போனதில்லை. எடின்பரோக் கோட்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பகல் ஒரு மணிக்கு வெடிக்கும் பீரங்கியைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு ரசித்தார்கள். அரசர்களுக்கு முடிசூட்டும்போது வைக்கும் கல்லைத் தேடியவர்களுக்கு ஏமாற்றம். 2024 முதல் அது பேர்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்டெர்லிங் கோட்டை எல்லோரையும் வியக்கவைத்தது. சாம்பல் நிறக் கற்சுவர்களுக்கு நடுவே அதன் பெரிய மண்டபம் மட்டும் மஞ்சள் சுண்ணாம்புப் பூச்சோடு பளிச்சென்று நிற்கிறது. 1999 இல் நிறைவடைந்த புனரமைப்பில் பழைய நிறத்தையே மறுபடி பூசியிருக்கிறார்கள். ஃபைஃப் கரையிலுள்ள கூரொஸ் கிராமத்திலும் அதே மஞ்சளில் ஒரு மாளிகை உண்டு. கடலுக்கு அடியில் நிலக்கரி வெட்டிய ஜோர்ஜ் புரூஸ் என்ற வணிகர் 1597 இல் கட்டத் தொடங்கியது. சிவப்பு ஓட்டுக் கூரைகளும் உருளைக்கல் பாவிய ஒடுங்கிய தெருவுமாக இருக்கும் கூரொஸில் இன்னும் சற்று நேரம் இருந்திருக்கலாம் என்று அம்மாமார் பலரும் சொன்னார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

கிளென்கோ பள்ளத்தாக்கில் மழை. முகில் மலையின் பாதிவரை இறங்கி, பாறைகளில் வெள்ளிக் கோடுகளாக நீர் வழிந்துகொண்டிருந்தது. அழகென்று எல்லோரும் படம் எடுத்து முடித்த பிறகு, அங்கே நடந்ததை வான் வண்டிக்குள் வைத்து வாசித்தோம். மூன்றாம் வில்லியம் மன்னருக்கு மலைநாட்டுக் குலத்தலைவர்கள் விசுவாசப் பிரமாணம் செய்ய 1692 ஜனவரி முதலாம் திகதி கடைசி நாள். கிளென்கோ மக்டொனால்டுகளின் தலைவர் போய்ச் சேர்ந்த இடத்தில் பிரமாணம் ஏற்கும் அதிகாரி இல்லை. வேறு ஊருக்கு அனுப்பப்பட்டு, அவர் பிரமாணம் செய்தபோது திகதி ஆறாகிவிட்டது. அடுத்த மாதம் சிப்பாய்கள் வந்தார்கள். கிளென்லயன் கம்பெல் என்ற கப்டனின் கீழ், அந்தக் குடிசைகளிலேயே ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கி உண்டு உறங்கினார்கள். பெப்ரவரி 13 அதிகாலை, சோறு போட்டவர்களில் 38 பேரைக் கொன்றார்கள். தப்பியோடியவர்களில் பலர் பனிமலையில் குளிரால் இறந்தார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதை நாம் எப்படிப் பார்ப்போமோ, அதே கண்ணோடுதான் அந்நாட்டவர் இன்றும் இச்சம்பவத்தைப் பேசுகிறார்கள். நம்பி இடம் கொடுத்தவரைக் கொல்வது அவர்களுடைய சட்டத்தில் சாதாரணக் கொலையைவிடக் கொடிய குற்றமாக இருந்தது.

எயிலியன் டொனன் கோட்டை நாட்காட்டிகளில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். 1719 இல் அரச போர்க்கப்பல்கள் அதைத் தகர்த்தன. இருநூறு ஆண்டு இடிபாடாகக் கிடந்ததை 1912 முதல் 1932 வரை மறுபடி கட்டினார்கள். ஸ்கை தீவில் ஸ்டோர் பாறையடிவரை இளையவர்கள் ஏறினார்கள். தீவின் பேர்பெற்ற இடங்களில் வாகனம் நிறுத்த இடமில்லை, நடைபாதைகள் சேறாகிக் கிடக்கின்றன. அவ்வளவு தூரம் போய் ஓர் இரவு மட்டும் தங்கித் திரும்புவது அந்தத் தீவுக்கும் நியாயமில்லை, நமக்கும் பயனில்லை.

குலொடன் போர்க்களத்தில் நின்று, 1746 ஏப்ரல் 16 அன்று அரச படை ஜகோபைட் கிளர்ச்சியாளரைத் தோற்கடித்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த போரைப் பற்றிக் கேட்டோம். மறுநாள் இன்வர்னஸிலிருந்து வடக்கே, ஆர்ட்கே கிராமத்தைத் தாண்டிப் பத்து மைல் ஒற்றை வழிப் பாதையில் குரொயிக் தேவாலயத்துக்குப் போனோம். எதிரே வாகனம் வந்தால் ஒதுங்க அங்கங்கே சிறு வளைவுகள் உண்டு. ஒதுங்குபவரும் கடந்துபோகிறவரும் கையை உயர்த்திக்கொள்வார்கள். கோட்டை எதுவுமில்லாத இந்த இடம் எதற்கு என்று திட்டமிடும்போது சிலர் கேட்டார்கள். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

தேவாலயம் சிறியது, வெள்ளைச் சுவர். கிழக்குச் சன்னலின் கண்ணாடிகள் சிறுசிறு சாய்சதுரங்களாக இருக்கின்றன. அவற்றில் வெளியே நின்று கீறிய எழுத்துகள். முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், வெளிச்சம் படும்படி தலையைச் சரித்தால்தான் வாசிக்கலாம். கிளென்கால்வி மக்கள் 1845 மே 24 அன்று இந்தத் தேவாலய வளவில் இருந்தார்கள் என்கிறது ஒன்று. 'கிளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை' என்கிறது இன்னொன்று. செம்மறிப் பண்ணைக்காக 18 குடும்பங்களை அவர்கள் பிறந்த பள்ளத்தாக்கிலிருந்து எழுப்பினார்கள். போக்கிடமில்லாமல் தேவாலயத்துக்கு வெளியே, கல்லறைகளுக்கு நடுவே துணிக்கூடாரம் அடித்து அவர்கள் தங்கினார்கள். தங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று நம்பியே அப்படிக் கீறியிருக்கிறார்கள்.

ஊரைவிட்டு எழும்பிக் கோயில் வளவிலும் தேவாலய மண்டபத்திலும் பாய் விரித்துப் படுத்தவர்கள் நம் சங்கத்தில் பலர். அன்று அங்கே யாரும் படம் எடுக்க அவசரப்படவில்லை. மூத்த ஐயா ஒருவர் எல்லாச் சதுரங்களையும் ஒவ்வொன்றாக வாசித்து முடித்துவிட்டு, "பாவம் செய்தது அவர்கள் இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் இப்படித்தான் ஸ்கொட்லாந்து மலைநாட்டின் பள்ளத்தாக்குகள் பல வெறுமையாக்கப்பட்டன. குடியானவருக்கு நிலத்தில் இருப்புரிமை 1886 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. விளம்பரங்களில் மனிதர் காலடி படாத இயற்கை என்று காட்டப்படும் பல சரிவுகளில் புல்லை விலக்கினால் வீட்டு அத்திவாரம் தெரிகிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதே அந்த நிலத்துக்கு நாம் செய்யும் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் முன்மொழிவும் இதிலிருந்தே வருகிறது.

திரும்பும் வழியில் கிழக்குக் கரையில் டன்னோட்டர் கோட்டை. மூன்று பக்கம் கடல், செங்குத்துப் பாறை. ஆங்கிலத் தளபதி குரொம்வெல்லின் படை முற்றுகையிட்டபோது ஸ்கொட்லாந்தின் மணிமுடியை இங்கிருந்து கடத்திப்போய், கினெஃப் தேவாலயத்தின் தரைக்கடியில் போதகரும் மனைவியும் புதைத்துவைத்துக் காப்பாற்றினார்கள். கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சற்றுத் தள்ளி ஒக்கின்பிளே கிராமம். இதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னவர் இலங்கை மலையகத்தில் தெல்தோட்டைப் பக்கம் பிறந்த நம் அங்கத்தவர் அம்மா ஒருவர். 1867 இல் அங்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் இந்த ஊருக்கு அருகில் 1835 இல் பிறந்தவர். தந்தை வண்டிச் சக்கரம் செய்த தச்சர். டன்கெல்ட், பல்மோரல், கிளென்லயன் என்று மலையகத் தோட்டங்களின் பெயர்கள் வழிநெடுகப் பெயர்ப்பலகைகளில் வந்துகொண்டிருந்தன. "துரையின் ஊர் இவ்வளவு எளிமையாக இருக்கிறதே" என்றார் அந்த அம்மா. தன் தாய் கொழுந்து பறித்த மலையைப் பற்றி அவர் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கியதும் வான் புறப்படத் தாமதமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்து வருவோருக்குச் சில குறிப்புகள். காற்று நின்றால் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சி மொய்த்துவிடும். தலைக்கு வலை கட்டாயம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் சிறுவர்களைத் தூங்கவைப்பது பெரும்பாடு. எடின்பரோவும் ஸ்டெர்லிங்கும் ஓர் அரச அமைப்பின் பொறுப்பில், கிளென்கோவும் குலொடனும் வேறோர் அறக்கட்டளையிடம், எயிலியன் டொனனும் டன்னோட்டரும் தனியார் கையில் இருக்கின்றன. ஒரே சீட்டு எல்லாவற்றுக்கும் செல்லாது. சைவ உணவுக்காரருக்குச் சமையலறையுள்ள தங்குமிடங்களே உதவின. புட்டும் சம்பலும் மலைநாட்டுக் குளிருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை வந்தவர்கள் சாட்சி சொல்வார்கள்.

முன்மொழிவு இதுதான்: அடுத்த ஆண்டு சதர்லண்டின் வடகரையில் ஒரே கிராமத்தில் தங்கி, ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814, 1819 ஆம் ஆண்டுகளில் வெறுமையாக்கப்பட்ட ஊர்களின் தடங்களை நடந்து பார்ப்பது, பெட்டிஹில்லின் பழைய தேவாலயத்தில் இயங்கும் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவது, செலவை அந்தக் கிராமத்துக் கடைகளிலேயே செய்வது. கோட்டைகளை விரும்புவோருக்குப் போகும் வழியில் ஒன்று, திரும்பும் வழியில் ஒன்று.

வான் ஓட்டிய தம்பிமார், சமையல் பொறுப்பேற்ற அக்காமார், மழையிலும் முகம் கோணாத மூத்தோர் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, முன்மொழிவை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்